வந்து பார்க்கிற விலை

விலையைச் சொன்னதும் வங்கிக்காரர் எழுந்து போயிருக்க வேண்டும். இதுவரை வந்த முப்பத்தொரு பேரும் அப்படித்தான் போனார்கள். இவரோ டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "நியாயமான விலைதான் சார்" என்றார்.

சர்வேயர் தன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

முப்பத்தைந்து வருஷம் ஊரார் நிலத்தை எல்லாம் அளந்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவி போய் மூன்று வருஷமாகிறது. வேறு ஊரில் இருக்கும் மகன் ஞாயிறுதோறும் போன் செய்து, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று இரண்டு கேள்வி கேட்பான். இரண்டுக்கும் "ஆச்சு" என்றால் பேச்சு முடிந்துவிடும். பேச்சை நீட்டலாமே என்று ஒரு தடவை "இல்லை" என்று சொல்லிப் பார்த்தார். அவன் கோபித்துக்கொண்டு இன்னும் சீக்கிரமாக வைத்துவிட்டான்.

இப்படி இருக்கையில் ஒரு நாள், எட்டாவது மாடிக்குப் போகவேண்டிய புரோக்கர் ஒருவர் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு தவறுதலாக ஏழாவது மாடியில் இவர் கதவைத் தட்டினார். ஐந்து பேர் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். ஜன்னலைத் திறந்தார்கள். அலமாரியைத் திறந்தார்கள். குழந்தை கட்டிலில் ஏறிக் குதித்தது. மாடி மாறிப்போனது தெரிந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்கள். அன்றைக்கு சர்வேயருக்கு ரொம்ப நாள் கழித்து நன்றாகப் பசித்தது.

மறுநாளே அந்தப் புரோக்கரைக் கூப்பிட்டு, "என் வீட்டையும் விற்பனைக்குப் போடுப்பா" என்று சொல்லிவிட்டார். விற்கும் எண்ணம் துளியும் இல்லை. ஆட்கள் வந்தால் போதும்.

விலையை மட்டும் தொழில் சுத்தமாக அளந்து வைத்தார். ரொம்ப ஏற்றினால் யாரும் வரமாட்டார்கள். சரியாக வைத்தால் வாங்கித் தொலைத்துவிடுவார்கள். அந்தக் கட்டடத்தில் காற்றும் வெளிச்சமும் கூடக் கூட ஒவ்வொரு மாடிக்கும் விலை ஏறும். ஏழுக்கு மேலே போனால் லிஃப்டை நினைத்து ஜனங்கள் தயங்குவார்கள். ஆகவே ஏழுதான் உச்சம். அந்த உச்சத்துக்கு மேல் பத்து லட்சம் கூட்டினார். வந்து பார்க்கலாம், வாங்க முடியாது. கச்சிதமான விலை.

தெருமுனைக்கு ரயில் நிலையம் வரப்போகிறது என்று யாரோ அறிவிக்கும் வரை அது கச்சிதமாகத்தான் இருந்தது. பதினைந்தே நாளில் ஊர் விலை மளமளவென்று ஏறி இவர் விலையைத் தொட்டுவிட்டது. எதிரே வங்கிக்காரர் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார்.

"அது போன மாச விலை" என்றார் சர்வேயர் அவசரமாக. "இப்போ அஞ்சு லட்சம் கூட."

"ஸ்டேஷன் வருதே, ஏறத்தானே செய்யும்? சரி சார்."

"லிஃப்ட் அடிக்கடி நின்னுடும்."

"நான் படியிலதான் ஏறுவேன். டாக்டரே சொல்லியிருக்காரு."

"வெயில் நேரா உள்ளே அடிக்கும். தண்ணி மெதுவாத்தான் வரும். எட்டாவது மாடிக்காரர் விடியக்காலையிலேயே நாற்காலியை இழுப்பாரு."

வங்கிக்காரர் எழுந்து வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு உண்மையா பேசுற ஓனரை நான் பார்த்ததே இல்ல சார். வாங்கினா இந்த வீடுதான்!"

புரோக்கர் ஆனந்தத்தில் மகனுக்கே போன் போட்டுவிட்டார். மகன் ஞாயிறு வரை காத்திருக்காமல் கூப்பிட்டான். இருபது நிமிஷம் பேசினான்.

"குடுத்துடுங்கப்பா. விலை எப்போ இறங்கும்னு சொல்ல முடியாது. எங்க வீட்டுப் பக்கத்துலயே உங்களுக்கு ஒரு ரூம் பார்த்துடலாம்."

"வீட்டுலயா, பக்கத்துலயா?"

"பக்கத்துலதான்ப்பா. உங்களுக்கும் அதுதான் வசதி."

சர்வேயர் போனை வைத்துவிட்டு வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். மனைவி பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வீடு. அவள் மாட்டிய திரைச்சீலைகூட இன்னும் மாறவில்லை. நாலு பேர் வந்து போகட்டும் என்று ஆசைப்பட்டதற்கு, இப்போது வீடே போகப் பார்க்கிறது. அதோடு வியாழக்கிழமையும் போய்விடும்.

வியாழக்கிழமை என்றால் கண்ணாடி அம்மா. பேர் கேட்டதில்லை, போட்டிருந்த மூக்குக்கண்ணாடிதான் அடையாளம். கீழே அறிவிப்புப் பலகையில் பார்த்தேன் என்று சொல்லி முதல் தடவை வந்தவர், அதன்பின் ஒன்பது வியாழன், சரியாக நாலு மணிக்கு, புரோக்கர் இல்லாமல் தனியாகவே வந்தார். வந்தால் எழ மனம் வராது.

"மூணாவது மாடின்னா என்ன விலை போகும் சார்?"

"பொதுவா ஏழாவது மாடியைவிட எட்டு லட்சம் கம்மி."

"நாலு மாடி மேலே வந்ததுக்கு எட்டு லட்சமா? காத்து என்ன கடையிலயா வாங்குறீங்க?"

சர்வேயர் பென்சிலை எடுத்து, காற்று, வெளிச்சம், கொசு என்று காகிதத்தில் படம் போட்டு விளக்குவார். அந்த அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார். அதில் ஒரு மணி நேரம் ஓடிவிடும். கெட்டிக்காரர். இருட்டில்கூடக் குளியலறை ஸ்விட்ச் மேல் நேராகக் கை வைப்பார். பால்கனிக் கதவைச் சற்றுத் தூக்கித் தள்ளினால்தான் திறக்கும் என்பது முதல் நாளே அவருக்குத் தெரிந்திருந்தது. வெளியே மழை கொட்டிய அன்றும் ஒரு சொட்டுகூட நனையாமல், சாதாரண ரப்பர் செருப்போடு வந்து நின்றார். எத்தனை வீடு பார்த்துப் பழகியவரோ என்று சர்வேயர் வியந்தார்.

அந்த அம்மாவை வைத்துத்தான் ஒரு வழி தோன்றியது. "வியாழன் நாலு மணிக்கு வர்ற ஒரு பார்ட்டி இன்னும் அதிகமாத் தர்றதா சொல்றாங்க" என்று புரோக்கரிடம் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார். புரோக்கர் விடுவாரா? அடுத்த வியாழன் நாலு மணிக்கு வங்கிக்காரரையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ரெண்டு பார்ட்டியும் நேர்லயே பேசிடுங்க" என்றார்.

கண்ணாடி அம்மா சர்வேயரின் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன தெரிந்ததோ, "நான் மூணு லட்சம் கூடத் தர்றேன்" என்றார்.

"நான் அஞ்சு" என்றார் வங்கிக்காரர்.

"எட்டு."

"பத்து!"

"பதினஞ்சு" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

வங்கிக்காரர் செருப்பை மாட்டினார். "அப்படி என்னம்மா இருக்கு இந்த வீட்டுல?"

கண்ணாடி அம்மா கொஞ்சம் யோசித்து, "டீ" என்றார்.

வங்கிக்காரர் போனதும் புரோக்கர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "அட்வான்ஸ் எப்பம்மா?"

"அடுத்த வியாழக்கிழமை வந்து சொல்றேனே."

ஒரு தொல்லை ஒழிந்து பெரிய தொல்லை வந்து சேர்ந்தது. அந்த அம்மா நிஜமாகவே வாங்கினால் வீடு போகும். வாங்காவிட்டால் இனி எதற்காக வருவார்? உண்மையைச் சொல்லிவிடுவதென்று சர்வேயர் முடிவு செய்தார். வீடு விற்பதற்கில்லை, ஆனாலும் வியாழக்கிழமை வாருங்கள். இதைச் சொல்லக் கண்ணாடி முன் நின்று நாலு தடவை ஒத்திகையும் பார்த்தார்.

திங்கட்கிழமை லிஃப்ட் நிஜமாகவே நின்றுபோனது. செவ்வாய்க்கிழமை ரயில் நிலையத்தை ஊரின் மறுகோடிக்கு மாற்றிவிட்டார்கள். வியாழன் நாலு மணிக்கு இரண்டு கோப்பை டீ தயாராக இருந்தது. ஐந்து மணிக்கு இரண்டும் ஆறிப்போயிருந்தன.

புரோக்கருக்குப் போன் செய்தார்.

"மார்க்கெட் படுத்துடுச்சு சார். லிஃப்டும் இல்ல. இப்போ உங்க ஏழாவது மாடிக்கு மூணாவது மாடி விலைகூட வராது. அந்தம்மா உஷாரா நழுவிட்டாங்க."

பார்க்க வருவதற்குக்கூட ஆளில்லாத விலை இது. முப்பத்தைந்து வருஷம் எல்லைக்கல் நட்டவரைப் போய், யாருமே இல்லாத ஒரு எல்லைக்குள் உட்காரவைத்துவிட்டார்கள் என்று தோன்றியது. பாதி விலைக்கு, இல்லை, சும்மாவே கூட அந்த அம்மாவுக்குக் கொடுத்துவிடலாம். யாராவது வந்து உட்கார்ந்து, காற்றுக்கு என்ன விலை என்று சண்டை போட்டால் போதும்.

இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் முறையாகப் படியில் இறங்கினார். ஆறாவது மாடியில் நெஞ்சு படபடத்தது. மூன்றாவது மாடியில் முழங்கால் மக்கர் செய்தது. யாரோ புண்ணியவான் படியோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார். அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுக் கீழே போய்ச் சேர்ந்தார்.

"வாட்ச்மேன், கண்ணாடி போட்ட அம்மா ஒருத்தங்க. வியாழக்கிழமை வருவாங்களே. எங்கேர்ந்து வர்றாங்கன்னு தெரியுமா? கேட்ல பேர் எழுதியிருப்பாங்கல்ல?"

வாட்ச்மேன் பீடியை அணைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேட்ல எதுக்கு சார் எழுதணும்? அவங்க மூணாவது மாடி, உங்களுக்கு நேர் கீழ. ஏழாவது மாடி வரை ஏற முடியலைன்னு நாலு நாளா படிக்கிட்ட நாற்காலி போட்டு, அப்பப்போ வந்து உட்கார்ந்து, மேலேர்ந்து நீங்க இறங்குறீங்களான்னு பார்த்துக்கிட்டு இருக்காங்க. போய்ப் பாருங்க சார், அவங்களும் ரெண்டு வருஷமா வீட்டை விக்கப் போட்டிருக்காங்க. வர்றவங்களுக்கெல்லாம் டீ குடுக்குறாங்க, எவனாவது சரின்னு சொல்லிட்டா மட்டும் உடனே விலையை ஏத்திடுறாங்க!"