வெண்டைக்காய்ச் சிறுத்தை

மாப்பிள்ளை மோகன்குமார் அவர்களுக்கு, கோவையிலிருந்து சென்னியப்பன் எழுதுவது.

இங்கு நானும் உங்கள் அக்கா பொன்னாத்தாளும் சுகம். பல்லடத்தில் நீங்களும் தங்கச்சியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு உடம்புக்கு எதுவும் வருவதில்லை. போனில் பேசினால் நடுவில் சிரிக்கிறீர்கள் என்பதால்தான் கடிதம். இதைப் படித்துச் சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வருகிற ஞாயிறு எங்கள் அடுக்குமாடியில் பொங்கல் விழா, நாடகத்தில் வருகிற மூன்று சிறுத்தைகளில் உங்கள் அக்கா ஒன்று. அறுபத்திரண்டு வயதில் முதல் மேடை. வசனம் நாலே வரி, ஆனால் குளியலறையில்கூட உறுமுகிறாள். கடையில் புள்ளி போட்ட சிறுத்தை உடையெல்லாம் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத்தான் இருந்தது. அவள் அளவுக்குக் கிடைத்தது வெறும் மஞ்சள், ரப்பர் மாதிரி இழுபடுகிற துணி. புள்ளியை நானே வைக்கிறேன் என்றேன். அதற்கு நீங்கள், "மச்சான், இழுபடற துணிக்குத் தனி மை இருக்குதுங்க. நம்ம பிரிண்டிங் பட்டறையில இருந்து கொடுத்துவுடறேன். நீங்க அடிச்சா வெடிச்சுப்போடுமுங்க" என்று சொல்லிச் சிரித்தீர்கள். சென்னிமலையில் நாற்பது வருஷம் பெட்ஷீட் நெய்தவனிடம்! உங்கள் மை வேண்டாம் என்று அன்றே சொன்னேன்; இன்றும் அதையே சொல்கிறேன். உங்கள் அக்காவும் என்னை நம்புவதாகச் சொல்லிவிட்டு மூன்று உடை வாங்கி வந்தாள். நம்புகிறவள் ஒன்றுதானே வாங்குவாள்?

முதல் உடைக்கு, வாசல் கிரில் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த எனாமல் பெயிண்ட். காய்ந்ததும் பளபளவென்று இருந்தது. அவள் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். அப்பளம் நொறுங்குகிற சத்தம். எழுந்தால் புள்ளியெல்லாம் சோபாவில். சரி, கஞ்சி காணாத துணி எதைத் தாங்கும் என்று, இரண்டாவது உடைக்குத் தறியில் ஏற்றுகிற பாவு நூலுக்குப் போடுகிற மாதிரி கெட்டியாகக் கஞ்சி போட்டு உலர்த்தினேன். மறுநாள் அது சுவரோரம் தானாகவே நின்றது. உங்கள் அக்கா இல்லாமலேயே சிறுத்தை தயார், ஆனால் முட்டி மடங்கவில்லை. அதை அலசிப் பிழிந்து, துணிப் பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி, மேஜையில் விரித்துப் புள்ளி வைத்தேன். போட்டதும் வயிற்றுப் பக்கம் ஒவ்வொரு புள்ளியும் அகன்று வெடித்துக்கொண்டது. "ஏனுங்க, நான் சிறுத்தைங்களா, ஊத்தப்பமுங்களா?" என்றாள். சிரிக்கவில்லை. வேஷத்தை, முதலில் அதைக் கேட்ட சி பிளாக் குழந்தையம்மாளுக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லிப் படுத்துவிட்டாள். அன்று முழுக்க வீட்டில் உறுமலே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் புத்தியில் பட்டது. இழுக்கும்போது வெடிக்கிற புள்ளியை, இழுத்து வைத்தே போட்டால் என்ன? மூன்றாவது உடையை நானே மாட்டிக்கொண்டேன். அவள் அளவு வர முன்னும் பின்னும் தலையணை. முதுகில் புள்ளி வைக்க எதிர்வீட்டு இல்யாஸ் பாயைக் கூப்பிட்டேன். கதவு திறந்ததும் ஓரடி பின்னால் போனவர், "அண்ணா, வெளியில போறதா இருந்தா வேட்டி கட்டிக்குங்க" என்றார். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, டப்பாவில் லேசாகத் தொட்டு ஒற்றச் சொன்னேன். பூப்பூவாக விழுந்தது, நடுவில் மஞ்சள் விட்டு, அசல் சிறுத்தைப் புள்ளி. "பொரியலுக்கு வெச்ச காயுங்க அது!" என்று கத்திக்கொண்டு வந்த உங்கள் அக்கா புள்ளியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

காய்ந்ததும் போட்டாள். உட்கார்ந்தாள், குனிந்தாள், சோபாவிலிருந்து குதிக்கவும் செய்தாள். ஒரு புள்ளிகூட வெடிக்கவில்லை. அதே டப்பா மாப்பிள்ளை, அதே பெயிண்ட்! குறை பெயிண்டில் இல்லை, போட்ட விதத்தில்தான் இருந்தது என்பது ருசுவாகிவிட்டது. இதை உங்கள் பட்டறைச் சுவரில் எழுதி வையுங்கள். இப்போது உள்ளே உறுமல் கேட்கிறது; காதுக்கு நன்றாக இருக்கிறது.

ஞாயிறன்று குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்காருங்கள். சென்னிமலை முருகன் உங்களுக்கு நல்ல புத்தியும் நிறைய ஆர்டரும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
சென்னியப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது உங்கள் அக்கா வந்து, "மூணாவது உடுப்புக்கு அந்த டப்பாவுல இருந்தது தம்பி பஸ்ஸுல கொடுத்துவுட்ட மைங்க. பழசைக் கொட்டிப்போட்டு நாந்தான் ஊத்தி வெச்சேன்" என்கிறாள். மூன்று பக்கத்தைத் திரும்ப எழுதக் கை வலிக்கிறது. மற்ற இரண்டு சிறுத்தைகளும் என்னிடம்தான் புள்ளி வைக்க வேண்டும் என்று வாசலில் நிற்கிறார்கள். அதே மை ஒரு கிலோ, இந்தக் கடிதம் கிடைத்ததும் பஸ்ஸில் அனுப்பவும். வெண்டைக்காய் இங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.