விதி எண் பதினேழு

கரையான் அரித்துவிட்டது என்று சொன்னதுதான் தப்பாகப் போயிற்று.

"பட்டச் சான்றிதழையா?" என்று கேட்டார் தலைவர். மேலாண்மைக் கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒன்பது வருடமாகத் தலைவர். பிழைப்புக்குக் குளியலறைச் சாமான் கடை. வாஷ்பேசினில் விரிசல் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிற மாதிரிதான் மனிதர்களையும் பார்ப்பார்.

"முழுசும் இல்லை," என்றார் செயலாளர். "பேரும் முத்திரையும் இருந்த இடம் மட்டும்."

"விவரம் தெரிஞ்ச கரையான்," என்றார் துணைத் தலைவர். அவர் காப்பீட்டு நிறுவனத்தில் மேலாளர். சேதம் என்ற சொல்லைக் கேட்டாலே சந்தேகப்பட்டுப் பழகியவர்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். செயலாளர் கெட்டது தன் பேனாவால். சங்கத்தின் பதினேழாவது விதியை மூன்று வாரங்களுக்கு முன்னால் எழுதியவரே அவர்தான்.

அதற்குக் காரணம் சங்க உறுப்பினரான போர்வைக்கடைக்காரர். நான்கு வருடமாக நிர்வாகக் குழுவில் ஓர் இடம் கேட்டுக்கொண்டிருந்தார். அதுகூடப் பரவாயில்லை. பொதுக் கூட்டங்களில் எழுந்து நின்று, செய்தி மடலில் மூன்று வருடமாக ஒரே புகைப்படம் வருகிறதே என்று பணிவாகக் கேட்பார். அந்தப் பணிவுதான் தாங்க முடியவில்லை. மனிதர் பட்டமே வாங்கவில்லை, மாலை நேரத்தில் ஏதோ மூன்று மாத வகுப்புக்கு வந்து போனவர் என்று ஒரு பேச்சு இருந்தது. செயலாளர் அதைப் பிடித்துக்கொண்டார். "நிர்வாகக் குழுவில் இருப்பவரும், இருக்க விரும்புபவரும், பட்டச் சான்றிதழின் நகலை ஆண்டுக் கூட்டத்துக்கு முன் தாக்கல் செய்ய வேண்டும்" என்று எழுதி, அன்றே போர்வைக்கடைக்காரருக்குப் பதிவுத் தபாலிலும் அனுப்பிவிட்டார்.

'இருப்பவரும்' என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. ஓசை நயத்துக்காகப் போட்டது.

விவாதமே இல்லாமல் குழுவின் ஏழு கைகளும் உயர்ந்தன. உயர்த்திய கையைக் கீழே இறக்கும்போதுதான் செயலாளருக்குப் புள்ளியியல் ஞாபகம் வந்தது.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் புள்ளியியலில் அவர் வாங்கியது முப்பத்தாறு. தேற நாற்பது வேண்டும். தேர்வு முடிவு வருவதற்குள் வேலை கிடைத்துவிட்டது. வேலை கொடுத்தவர்கள் சான்றிதழ் கேட்கவில்லை. அப்புறம் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார், நண்பனிடம் இரவல் வாங்கிய பட்டமளிப்பு அங்கியில் அவர் நின்ற படத்தைப் பார்த்துத் திருப்தியடைந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு வாசலில் பெயர்ப் பலகை வந்தது, பெயருக்குப் பின்னால் பட்டத்தோடு. மனைவி அதை வாரம் தவறாமல் துடைத்தாள். பித்தளை மின்ன மின்ன, அந்த நாலு மார்க் அவர் வயிற்றில் கனத்துக்கொண்டே வந்தது.

ஆகவே கரையான்.

"கவலையை விடுங்க," என்றார் தலைவர். "சங்கத்து லெட்டர்பேடிலேயே நகல் கேட்டு நான் எழுதித் தர்றேன்."

செயலாளர் பதறிப்போய், ஏற்கெனவே விண்ணப்பித்தாகிவிட்டது, இரண்டு நாளில் வந்துவிடும் என்றார். அப்படியானால் இன்னும் நல்லது என்றார் துணைத் தலைவர். விதியை எழுதியவரே ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக் கூட்டத்தில், மேடையில், கல்லூரி இயக்குநர் முன்னிலையில் முதல் சான்றிதழைத் தாக்கல் செய்யட்டும். மற்றவர்கள் பின்னாலேயே வருவார்கள். இதற்கு விழுந்த கைதட்டலைப் போல ஒன்றை அந்த அறை கேட்டதில்லை. பின்வரிசையில் வழக்கமாகத் தூங்குகிற இரண்டு உறுப்பினர்கள்கூட விழித்துக்கொண்டு தட்டினார்கள்.

செயலாளர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். இந்த விதியே வேண்டாமே என்றார். சங்கம் என்பது குடும்பம், குடும்பத்துக்குள் ஆதாரம் கேட்பது பெற்ற தாயிடம் ரசீது கேட்கிற மாதிரி என்று தழுதழுத்தார். தலைவர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"பாருங்கய்யா. தன்கிட்ட சான்றிதழ் இருந்தும் அடுத்தவன் மனசு நோகுமேன்னு பார்க்கிறார். ஆனா விதியை எடுத்தா போர்வைக்கடைக்காரர் உள்ள வந்துடுவாரே."

எல்லோரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். விதி நின்றது. கூடவே, அதை எழுதிய தியாகிக்கு மேடையில் ஒரு பூங்கொத்தும் முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்தால், அவருக்கு முன்னால் செய்தி வந்திருந்தது. தலைவரின் மனைவி தொலைபேசியில் சொல்லிவிட்டாளாம். இவர் மனைவி தன் தம்பியைக் கூப்பிட்டுச் சொல்ல, அவன் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தருவதாக ஏற்றுக்கொண்டிருந்தான். அக்கா புருஷனைக் குடைவதற்கு வாய்ப்புக் கிடைத்தால் செலவு பார்க்காதவன்.

"அத்தான், அளவு சொல்லுங்க. கடையில நிக்கிறேன்," என்றான் தொலைபேசியில்.

இருபத்திரண்டு வருடமாகத் தன்னிடம் இருப்பதாகச் சொல்லிவந்த சாமானின் அளவு செயலாளருக்குத் தெரியவில்லை.

"ஒரு முழம் இருக்கும்பா."

"அகலம்?"

"அதுவும் ஒரு முழம்."

"சான்றிதழா அத்தான், போர்வையா?"

போர்வை என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

வாசலில் மனைவி பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது," என்றாள் திரும்பாமலே. "நான் பன்னிரண்டாவதோட நின்னவ. இதைத் துடைக்கிறப்ப எல்லாம் நானும் கொஞ்சம் படிச்ச மாதிரி இருக்கும். மேடையில உங்களை அதோட பார்த்துட்டாப் போதும்."

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தார்.

"துணி ரொம்ப ஈரமா இருக்கு," என்றார்.

அன்று படுக்கப் போகுமுன் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பழைய பாக்கித் தாள்களை எழுதி முடிக்கக் கல்லூரி ஒரு கடைசி வாய்ப்புக் கொடுத்திருந்தது. அந்த அறிவிப்பைப் போன மாதச் செய்தி மடலில் போட்டவரும் அவர்தான். "இன்னும் அரியர் வைத்திருக்கும் அப்பாவிகள் யாரேனும் இருந்தால் வெட்கப்படாமல் விண்ணப்பிக்கலாம்" என்று சொந்தச் சரக்காக ஒரு வரி சேர்த்துத் தானே சிரித்துக்கொண்டது நினைவிருந்தது.

மறுநாள் காலை, கல்லூரியின் பதிவேட்டு அறைக்கு மற்றவர்கள் வருவதற்கு முன்பே போய் நின்றார். உள்ளே எழுத்தர் அம்மா கோப்புகளை நூலால் கட்டிக்கொண்டிருந்தார்.

"அரியர் விண்ணப்பம் ஒண்ணு வேணும்மா. புள்ளியியல். எனக்கில்லை, தூரத்துச் சொந்தம் ஒருத்தருக்கு."

"பேரு?"

செயலாளர் சொன்னார். எழுத்தர் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"தூரத்துச் சொந்தத்துக்கும் உங்க பேர்தானா சார்?"

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. இரவல் அங்கி, பித்தளைப் பலகை, கரையான், ஒரு முழம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக வயிறு லேசானது. எழுத்தர் அம்மா முடிச்சுப் போடுவதை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார்.

"சனிக்கிழமை காலையில பரீட்சை. இப்பல்லாம் மிஷினே திருத்திடுது, சாயங்காலம் ரிசல்ட். தேறிட்டீங்கன்னா ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்குள்ள சான்றிதழ் கையில."

"தேறிடுவேன்மா. நாலே மார்க்தான்." பிறகு மேஜைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "ஆனா இது வெளிய தெரியக் கூடாது. முக்கியமா எங்க நிர்வாகக் குழுவுக்கு. தலைவர் கண்ணுல மட்டும் பட்டேன், அவர் கடை வாஷ்பேசின்லயே முகத்தை முக்கிக்கிட்டுச் செத்துடுவேன். யாரு கண்ணுலயும் படாம ஒரு மூலை இடம் போட்டுக் குடுங்கம்மா."

எழுத்தர் அம்மா இட வரைபடத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"நாலு மூலையும் போயிடுச்சு சார், உங்க குழுவுல மத்த ஆறு பேரும் மூலைதான் கேட்டாங்க; தலைவருக்குப் பின்னாடி, துணைத் தலைவருக்கு முன்னாடி ஒரு நடு பெஞ்சு இருக்கு, ஆனா பார்த்து எழுதலாம்னு மட்டும் நினைக்காதீங்க, மேற்பார்வைக்குப் பாஸான பழைய மாணவர் ஒருத்தர் வேணும்னு சங்கம் பூரா தேடினதுல போர்வைக்கடைக்காரர்தான் கிடைச்சார்."