கெசியாவின் நீராவிக் கொக்கு

கொக்கு மூன்றாவது தடவையும் தட்டியது. ஜேபஸ் வீட்டு மாடி ஜன்னல் திறக்கவில்லை.

"பலமாத் தட்டேன், என் செல்லம்ல!" என்று கெஞ்சினாள் கெசியா.

கொக்கு என்பது அவள் செய்த நீராவி இயந்திரம். செம்புக் கொதிகலன்தான் வயிறு. மூன்று இரும்புக் கால்கள், மாடி ஜன்னலை எட்டுகிற பித்தளை மூக்கு. பதினான்கு வயதுப் பெண் பழைய இரும்பைப் பொறுக்கியே இதைச் செய்தாள் என்றால் லண்டனில் நம்பமாட்டார்கள். எங்கள் மில் தெரு நம்பியது. கண்ணால் பார்த்தோமே!

விடியற்காலையில் நீளக் கழியால் ஜன்னல் ஜன்னலாகத் தட்டி மில் ஆட்களை எழுப்பிவிடுவது அவள் அம்மா மார்த்தாவின் பிழைப்பு. அன்று கிழக்கு வெளுத்தும் மார்த்தா குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாகக் கொட்டகையே கதியென்று கிடந்த கெசியா எட்டிப் பார்த்தாள். ஆட்கள் பிந்தினால் மில் கதவைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் தெரு முழுக்க, ஜன்னலில் குழலால் பட்டாணி ஊதி எழுப்புகிற போட்டிக்காரன் எஸ்ரா பக்கம் போய்விடும். பாவம், அம்மா அலுத்துத் தூங்குகிறாள் என்று கொக்குக்குத் தீ மூட்டிவிட்டாள்.

இப்போது ஆவிக் குழாயின் திருகை இன்னும் கொஞ்சம் திருப்பினாள். மூக்கு கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய், ஜேபஸின் தொப்பியோடு வெளியே வந்தது.

"அடிப்பாவி! எந்திரிச்சுட்டேன், எந்திரிச்சுட்டேன்!"

"மன்னிச்சுக்குங்க மாமா! நேரமாச்சு!"

பதறிப்போய்த் திருகை மூடினாள். மூக்குக்குப் போன ஆவி காலுக்கு இறங்கியது. கொக்கு நடக்க ஆரம்பித்தது.

கயிறு போட்டு ஜேபஸ் வீட்டு வேலிக் கதவில் கட்டினாள். வேலிக் கதவும் கூடவே கிளம்பியது. ஆவியை வெளியேற்றலாம் என்று ஊதலை இழுத்தாள். ஊதல் சிக்கிக்கொண்டு அலறியது, மலையடிவாரமே எழுந்துவிட்டது.

மார்த்தா ஜன்னலில் நின்று இரண்டு கையையும் ஆட்டி ஏதோ கத்தினாள். அந்த அலறலில் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா பூரித்துப் போயிருக்கிறாள் என்று நினைத்து, கெசியாவும் கையை ஆட்டிவிட்டு ஓடினாள்.

எங்கள் தெருவில் ஜன்னல் தட்டினால் கண் திறக்கும் முன்னே கால் செருப்புக்குள் போய்விடும். யோசனையெல்லாம் பிற்பாடுதான். எல்லோரும் பித்தானைப் போட்டபடியே பின்னால் ஓடினார்கள்.

"மார்த்தா பொண்ணு செஞ்சதா இது? என்னமா ஓடுது பாரேன்!"

"வாயப் பொளந்தது போதும், ஓடு! கதவைச் சாத்திடப் போறான்!"

மில் வாசலில் தண்ணீர் தீர்ந்து கொக்கு உட்கார்ந்தது. கதவு பூட்டியிருந்தது. கெசியா ஜேபஸின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பிந்திட்டோமா மாமா? அம்மா பொழப்பு போச்சா?"

அதற்குள் மேஸ்திரி ஆர்மராட், இரவு அங்கியின் மேல் கோட்டோடு, சாவிக் கொத்தை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். "நானும் அசந்துட்டேம்ப்பா... முதலாளி காதுக்குப் போயிடக் கூடாது!"

ஜேபஸ் சிரித்தபடி கொதிகலனைத் தட்டப் போய், சூட்டில் கையை உதறினார். "ஜன்னல் போனாப் போகுது புள்ள. இந்த மனுசனையே ஓட வச்சுட்டியே! உன் மூளைக்கு இந்த ஊரே ஈடில்ல."

ஆர்மராட் சாவியைப் பூட்டில் நுழைத்தபோது, எதிரே இருந்த தேவாலயத்தின் கதவு திறந்தது. பாதிரியார் வெளியே வந்து, தெரு நிறைய நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கெசியா, நான் இந்த ஊருக்கு வந்த நாளா ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு முதல் வரிசை கூட நெறஞ்சதில்ல. அடுத்த வாரமும் கொக்கைக் கூட்டிட்டு வருவியாம்மா?"