லாரியின் மேல் ஓர் ஏரி

பிள்ளையின் திறமையை வளர்க்கும் அப்பா என்றொரு இனம் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பெருகி வருவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். தோளில் ஓவியத்தாளைச் சுருட்டி வைக்கும் நீளப் பை, கையில் ஒரு குழந்தை, வாயில் 'க்ரியேட்டிவிட்டி' என்ற சொல். குழந்தை தொலைந்தாலும் பை தொலையாது.

கீழ்க்கட்டளை யக்ஞநாராயணன் இதில் உயர்ந்த ரகம். ஏழு வயது மகள் ஸ்ம்ருதி எதை வரைய உட்கார்ந்தாலும், "ஃப்ரீயா வரைம்மா, அப்பா தலையிடவே மாட்டேன்" என்பார். சொல்லிக்கொண்டே பென்சில் சீவுவார். யாருக்கு என்கிறீர்களா? தமக்குத்தான்.

தாம்பரத்தில் புதிதாகத் திறந்த ஓவியக் கூடமொன்று, குழந்தைகளின் படங்களைக் காட்சிக்கு வைக்கப்போவதாக அறிவித்தது. ஸ்ம்ருதி, தங்கள் அபார்ட்மெண்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் டேங்கர் லாரியை வரைந்தாள். ஊதா லாரி. பின்பக்கம் ஆறு கண்கள். ஒழுகும் தண்ணீரை ஒரு பூனை நக்கிக்கொண்டிருந்தது.

"லாரிக்கு எதுக்கும்மா கண்ணு?"

"ரிவர்ஸ் எடுக்கும்போது பூனை மேல ஏத்தக் கூடாதுல்ல?"

வேறு யாராவது என்றால் அந்தப் பதிலையே சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். இவருக்கோ கேலரி என்றால் ஒரு மெசேஜ் வேண்டும். மகள் பள்ளிக்கூடம் போன நாளில் லீவு போட்டு, லேசாக ஒரு டச்-அப் என்று உட்கார்ந்தவர், லாரியின் கண்களை அழித்து, பூனையை விரட்டி, மொத்த லாரியின் மேலும் நீலத்தைப் பரப்பி ஏரியாக்கி, கரையில் இரண்டு தென்னை, நான்கு கொக்கு, 'நீரைக் காப்போம்' என்று ஒரு வாசகம் எல்லாம் சேர்த்து, மூலையில் மகளின் பெயரை வேண்டுமென்றே கோணலாக எழுதி, அவள் திரும்புவதற்குள் கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்தும் விட்டார். ஏரியை மூடி வீடு கட்டும் வட்டாரத்தில், லாரியை மூடி ஏரி வெட்டியவர் அவர் ஒருவர்தான்.

கண்காட்சியன்று, கூடத்தை நடத்தும் ஹேமாவதி ஒவ்வொரு குழந்தையிடமும் மைக்கை நீட்டிப் படத்தைப் பற்றிப் பேசச் சொன்னார். அப்பா எழுதிக் கொடுத்த நாலு வரி ஸ்ம்ருதிக்கு மனப்பாடம். ஆனால் அவள் சுவரெல்லாம் தேடிக்கொண்டிருந்தாள்.

"என் படம் எங்க, ஆன்ட்டி?"

"இதுதானேம்மா! உன் பேர் இருக்கே."

அவள் ஏரியை உற்றுப் பார்த்தாள். மைக்கிலேயே கேட்டாள்: "அப்பா, என் பூனை எங்கப்பா?"

கூடமே சிரித்தது. சிரிக்காதவர்கள் மற்ற அப்பாக்கள் மட்டுமே. அவரவர் வீட்டுப் படத்தை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யக்ஞநாராயணன் புதுத் தாளை விரித்தார். "இந்தத் தடவை அப்பா கையே வைக்க மாட்டேன், ப்ராமிஸ்."

ஸ்ம்ருதி கோபிக்கவில்லை. பிரஷை அவரிடமே நீட்டினாள். "முதல்லேர்ந்து நீயே போட்டுடுப்பா. நான் பேர் மட்டும் எழுதறேன்."

பாவம், தமக்கென்று சீவி வைத்திருந்த பென்சிலை அவர் மெல்லச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை என்கிறீர்கள். ரொம்ப நல்லது. ஆனால் உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் படத்தில், ஐந்து வயதுப் பிள்ளை போட்ட சூரியன் மட்டும் எப்படி அவ்வளவு வட்டமாக இருக்கிறது?