பழைய ஸ்டாப்பில் இருபத்தாறு பேர்

நான்கு மணியிலிருந்து வேல்விழி தெருமுனையில் நின்றுகொண்டிருந்தாள். ஐந்தரை ஆகியும் கையிலிருந்த அட்டையில் செருகிய தாளில் ஒரு கோடுகூட விழவில்லை. காத்திருக்கும் ஓர் ஆளுக்கு ஒரு கோடு. ஆளே இல்லை.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் அந்த முனைதான் பழைய பஸ் ஸ்டாப். ஏழு வருஷத்துக்கு முன்பு அதைக் குற்றாலம் பக்கமாக அரை கிலோமீட்டர் தள்ளி, நிழற்குடை கட்டிய இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். 'ஸ்டாப் போனாலும் மக்கள் போகவில்லை, இன்றும் பழைய இடத்தில்தான் காத்திருக்கிறார்கள்' என்பது சென்னையில் நகர வடிவமைப்பு முதுகலை படிக்கும் வேல்விழியின் ஆய்வு. ஆதாரம் என்ன என்று கல்லூரியில் யாரும் கேட்கவில்லை. தென்காசி பக்கத்து ஆய்க்குடிப் பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். தானும் ஊரைவிட்டுப் போய் ஏழு வருஷமாகிறது என்பதை அவளே கொஞ்சம் மறந்திருந்தாள்.

மறக்காதது வேறு. சாரல் காலத்தில் ஆய்க்குடி பஸ்ஸை விட்டு இறங்கி, எண்ணெய்ப் பாட்டிலும் துண்டுமாக அப்பாவோடு இங்கேதான் நிற்பாள். தூறல் விழுந்துகொண்டே இருக்கும். முனையிலிருக்கும் காஜா பாய் டீக்கடையில் வடை வேகும். அப்பா ஒன்று வாங்கிப் பாதி பிட்டுத் தருவார். குற்றாலம் பஸ் இன்னும் கொஞ்சம் தாமதமாக வரட்டும் என்றிருக்கும். அருவியைவிட அந்தக் காத்திருப்புதான் அவளுக்குப் பிடித்திருந்தது. அப்பா இறந்து மூன்று வருஷமாகிறது. இந்த முனைக்கு வந்தால் இப்போதும் ஒரு வடை வாங்கி இரண்டாகப் பிட்டுத்தான் தின்பாள்.

ஆனால் பாதி வடையை ஆய்வில் எழுத முடியாது. எண்ணிக்கை வேண்டும்.

"ரோட்ட அகலப்படுத்தப் போறாவளோ?" செருப்புக் கடை மணிமுத்து பந்தலை உள்ளே இழுத்துக்கொண்டே கேட்டார்.

"இல்ல அண்ணாச்சி. ஆள் எண்ணுதேன்."

"ஆளையுமா எடுக்கப் போறாவ?" பந்தலோடு பலகையும் உள்ளே போயிற்று.

கையிலிருக்கும் அட்டைதான் ஆட்களை விரட்டுகிறது என்று வேல்விழி முடிவுகட்டினாள். காஜா பாய் கடையில் டீ வாங்கிக்கொண்டு, சென்னையிலிருக்கும் வழிகாட்டிப் பேராசிரியைக்குப் போன் போட்டாள்.

"மேடம், இன்னைக்கு ஒருத்தர்கூட வரல. வெள்ளிக்கிழமை ரெவ்யூவுக்குள்ள வரலன்னா? ஒரு வருஷம் போயிருமா?"

காஜா பாய் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். அது ஆறி வெகுநேரமாகியிருந்தது.

மறுநாள் அவள் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு, கூடையும் துண்டுமாகப் பயணி வேஷத்தில் வந்தாள். ஒன்பது பேர் நின்றார்கள். புதன்கிழமை இருபத்தாறு பேர். மணிமுத்துகூடக் கையில் பையோடு நின்றார். கடையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. சந்தோஷத்தில் அவளுக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அவள் அனுப்பிய கணக்கைப் பார்த்த மேடத்துக்குத் தோன்றியது. "அஞ்சு பஸ் நிக்காமப் போயிருக்கு. நிக்காத பஸ்ஸுக்கு இருபத்தாறு பேர் காத்திருக்காங்கன்னா யார் நம்புவா?"

வேல்விழி கடை பெஞ்சில் உட்கார்ந்து புலம்பினாள்.

"கைய நீட்டியிருக்க மாட்டாவ. நீட்டுனா நிக்கும்," என்றார் காஜா பாய்.

வியாழக்கிழமை பஸ் வந்ததும் அத்தனை பேரும் சாலையிலேயே இறங்கிக் கையை நீட்டினார்கள். பிரேக் சத்தம் தெருமுழுக்கக் கேட்டது.

"இங்கன ஸ்டாப்பே கெடையாது, ஏன் உசுர வாங்குதிய?" என்று கண்டக்டர் கத்தக் கத்த எல்லோரும் முண்டியடித்து ஏறினார்கள். அரைமணி நேரத்தில் முனை மறுபடி நிறைந்தது. அடுத்த இரண்டு பஸ்களும் நின்றன. வேல்விழி எல்லாவற்றையும் போனில் படமெடுத்து அங்கேயிருந்தே சென்னைக்கு அனுப்பினாள்.

பத்தே நிமிஷத்தில் மேடம் கூப்பிட்டார். "அந்த மஞ்சக் குடை அம்மா நாலு பத்துக்கு ஏறுறாங்க. நாலு நாப்பதுக்கு ஏறுறாங்க. அஞ்சே காலுக்கும் ஏறுறாங்க. ஒரே ஆள் எப்படிம்மா?"

"அடிக்கடி போறவங்களா இருக்கும் மேடம்."

"ஒரு மணி நேரத்துல மூணு தடவையா? அவங்கள பேட்டி எடு. நாளைக்கு ரெவ்யூல முதல் கேள்வியே இதுதான்."

வேல்விழி தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். நல்லவேளை, மஞ்சள் குடை அப்போதுதான் முனை திரும்பி வந்துகொண்டிருந்தது. குடைக்குக் கீழே வடிவம்மாள் என்ற பெண்மணி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி மூச்சு வாங்க நடந்து வந்தாள். சாரல் பிடித்திருந்தது.

"அக்கா, குற்றாலத்துக்கு எதுக்கு இத்தன தடவ போறீங்க?"

வடிவம்மாள் குடையை அவள் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள்.

"குற்றாலத்துக்கு யாருட்டி போறா, புது ஸ்டாப்புல எறங்கி நடந்துல்லா வாறோம், ஒனக்கு ஒரு வருஷம் போயிரும்னு காஜா பாய் சொன்னாவ, இன்னும் ஆளு பத்தலன்னா சொல்லு, வீரகேரளம்புதூர்ல இருந்து எந்தங்கச்சி குடும்பத்தையும் வரச்சொல்லுதேன்."