சர்க்கரை வந்ததா என்று பார்க்காத கதவு

மாமனாரைக் கொல்லப் பார்த்தவன் என்று எங்கள் வீட்டில் எனக்கொரு பெயர் உண்டு. மறுக்க வழியில்லை. பார்த்தேன்தான். அதுவும் பாடம் நடத்திக்கொண்டே.

அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். வேங்கிக்காலில் குடியிருந்துகொண்டு ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன் (அதனால் எனக்குத் தெரியாதது உலகத்திலேயே எதுவும் இல்லை). பௌர்ணமியன்று காலையில் மாமனார் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். கடலை போடும் விவசாயி, அதிர்ந்து பேசத் தெரியாதவர், சுகர் உள்ளவர். கிரிவலம் முடிகிற வரை வெறும் தண்ணீர்தான் என்று வேண்டுதல்.

"சாப்பிடாம மாத்திரை போடலாமா மாப்ள?" என்று கேட்டார்.

மனுஷன் சரியாகத்தான் கேட்டார். "விரதம் வேற, வைத்தியம் வேற மாமா. மாத்திரைய மட்டும் விடவே கூடாது" என்று நானே தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

நடக்க ஆரம்பித்ததும் அவருக்குக் கணையத்தை விளக்கத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை.

"கணையத்துல பீட்டா செல்னு இருக்கு மாமா. ரத்தத்துல சர்க்கரை ஏறினா, அந்த செல்லுக்குள்ள போய் எரியும். எரிஞ்சா சக்தி வரும். சக்தி ஜாஸ்தியானதும், பொட்டாசியம் வெளிய போற கதவு சாத்திக்கும். உடனே கால்சியம் வர்ற கதவு தொறக்கும். கால்சியம் உள்ள வந்தா செல்லு இன்சுலின வெளிய வுடும். சர்க்கரை கம்மியா இருந்தா மொதக் கதவு சாத்தாது. இன்சுலினும் கம்மியாத்தான் வரும்."

"காலைல குடுத்தீங்களே, அந்த மாத்திரை?"

"அது நேரா போய் அந்த மொதக் கதவ சாத்திடும்."

"சர்க்கரை வந்துச்சா இல்லியானு பாக்காதா?"

"பாக்காது மாமா. அதான் அதோட கெட்டிக்காரத்தனம்."

இந்த வாயால்தான் சொன்னேன். என் காதில்தான் விழவில்லை.

அடி அண்ணாமலை வந்தபோது அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. "பேச்ச நிறுத்துடா" என்றார். மாப்பிள்ளையை "டா" போட்டு. (மூளைக்குச் சர்க்கரை போகாவிட்டால் இப்படிக் கோபம் வரும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியவன் நான்.) முறுக்கிக்கொண்டு இருபதடி முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்த்தால் டீக்கடை பெஞ்சில் சரிந்து உட்கார்ந்திருக்கிறார்.

கடைக்கார அம்மா, "சுகரா அவருக்கு? எதனா சாப்ட்டாரா?" என்று கேட்டார்.

"விரதம். மாத்திரை மட்டும் போட்டிருக்காரு."

அந்த அம்மா உடனே தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கினார். நான் பாய்ந்து டம்ளரைப் பிடித்தேன். "சுகர் இருக்கறவருக்குச் சர்க்கரை குடுப்பீங்களா?"

"எங்க வூட்டுக்காரருக்கும் இதே கததான். நீ கம்முனு ஓரமா நில்லு."

நின்றேன். அப்போதுதான் நான் சொன்ன பாடம் எனக்கே உறைத்தது: வெறும் வயிற்றில் மாத்திரை கதவைச் சாத்த, வந்த இன்சுலின் ரத்தத்தில் இருந்த கொஞ்சச் சர்க்கரையையும் இறக்கிவிட்டிருந்தது. பயத்தில் அழுகை வந்துவிட்டது. மாமனார் மெல்ல மெல்லக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் கண் நிலைக்கு வந்தது.

"மாப்ள, உங்கள எதனா மரியாதை இல்லாம பேசிட்டனா?" என்றார்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் எரிந்து விழுந்தார். "வெறும் வயித்துல இந்த மாத்திரையா? வீட்ல படிச்சவங்க யாருமே இல்லியா?"

மாமனார் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, "யாரும் இல்லீங்க" என்றார்.

இன்றும் தினமும் காலையில் அவரிடமிருந்து போன் வரும். பின்னால் மாமியார் சிரிப்பது கேட்கும்.

"மாப்ள, நாலு இட்லி உள்ள போயிட்டுது. கதவ சாத்திக்கலாமா?"

"சாத்துங்க மாமா" என்பேன்.