தெருமுனைக் கற்களை நான் அப்புறப்படுத்திய விவரம்

பொழிச்சலூர்,
மே 2004

அன்புள்ள அத்திம்பேருக்கு யக்ஞநாராயணன் அநேக நமஸ்காரம். தாங்களும் அக்காவும் சௌக்கியமாயிருக்கப் பிரார்த்திக்கிறேன். இங்கே தண்ணீரைத் தவிர சகலமும் சௌக்கியம்.

நாவலூரில் நம்மவா மட்டுமே இருக்கிற ஃப்ளாட் ஒன்று காலியாம், இந்தக் கதம்பத் தெருவை விட்டு வந்துவிடு என்று எழுதியிருந்தீர்கள். முந்தாநாள் நடந்ததைக் கேளுங்கள். அன்றைக்கு அப்பா திவசம், ஆத்தில் பொட்டுத் தண்ணீர் இல்லை. ரிட்டயரான கையோடு குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆகிவிட்டேன் அல்லவா, விடிகாலை வாக்கிங் போனவன் தெருமுனையில் செங்கல், ஓட்டை வாளி, ஒற்றைச் செருப்பு என்று வரிசையாகக் கிடந்த குப்பையை என் கையாலேயே அள்ளித் தொட்டியில் கொட்டினேன். தண்ணி லாரி வந்ததும் தெருவே கூச்சல் போட்டது. நான்தான் சுத்தம் பண்ணினேன் என்று பெருமையாகச் சொன்னேன். ஆள் வர்ற வரைக்கும் அந்தந்த வீட்டுக்காக அந்தக் கல்லுதான் க்யூவிலே நிக்கறதுன்னு எனக்கென்ன தெரியும்? தண்ணி பிடிக்கிறது எப்பவும் என் ஆத்துக்காரி அபிதகுஜாம்பாள்தான். எங்காத்துச் செங்கல்லும் அதிலே போச்சு!

சண்டை போட்டா கிளம்பிடுவேன்னு டிரைவர் ஸ்டார்ட் பண்ணிட்டான். அப்போ பாருங்கோ, யாருமே தன் இடம் எதுன்னு சொல்லலை, தனக்கு முன்னாடி யாருன்னுதான் சொன்னா. மீன் விக்கிற கன்னியம்மா, தனக்கு முன்னாடி ரஹீமா வீடுன்னா. ரஹீமா வேலைக்குப் போயிட்டா, அவ குடத்தை இவளே ரொப்பினா. காம்பவுண்டுச் சுவர் தகராறிலே என்னோட பேச்சையே நிறுத்தின பக்கத்தாத்து தேவானந்தம், சர்ச்சுக்குப் போற அவசரத்திலேயும், "சாரோட கல்லு எனக்கு முன்னாடி இருந்துச்சு"ன்னார். குப்பையிலே போட்டவரைக் கடைசியிலே நிறுத்துன்னு பின்னாலே யாரோ கத்தினா. கன்னியம்மா திரும்பினா.

"ஐரு வூட்ல இன்னிக்குத் திவசம் கீது. இவரு பண்ணதுக்கு அவங்கப்பா இன்னா பண்ணுவாரு? நீ புடி ஐரே."

கண்ணிலே ஜலம் வந்துடுத்து, அத்திம்பேரே. இப்பேர்ப்பட்ட மனுஷாளை விட்டுட்டு நான் எங்கேயும் வர்றதாயில்லை. நாவலூர் வேண்டாம்.

அக்காவுக்கு நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
யக்ஞநாராயணன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது பார்த்தால், தேவானந்தம் தன் ஸ்கூட்டரை என் கேட்டை மறித்து நிறுத்தியிருக்கிறார். வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். இந்த மனுஷனோடு குடித்தனம் பண்ண முடியாது. அந்த ஃப்ளாட்டை விசாரித்து வைக்கவும். அவசரமில்லை. நாளைக்கு லாரி வரும். கல்லு இருக்கோ இல்லையோ, என் இடத்தை அவர் சொல்லிவிடுவார். அந்தத் தைரியத்தில்தானே அவ்வளவு கத்தினேன்.